உப்பில் பூத்த பெயர்கள்

உவர்க்குடியில் சுவர்கள் உப்புப் பூப்பது யாருக்கும் புதிதில்லை. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடந்த அந்த ஊரில் சிமெண்டு பூசிய ஒரே வருஷத்தில் எந்தச் சுவரும் இடுப்பளவுக்கு வெளுத்து, பொருபொருத்து, தொட்டால் மாவாக உதிரும். சனங்கள் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் அதைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பார்கள், அடுத்த கோடைக்குள் அது மறுபடி பூக்கும். அதனால் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உப்பு லாரி ஓட்டுகிற தவசியின் வீட்டு வெளிச்சுவர் பூத்தபோது, அவன் பெண்டாட்டி அதை நிமிர்ந்துகூடப் பாராமல் வாசல் தெளித்துவிட்டு உள்ளே போனாள். தவசிதான் பல் விளக்கிக்கொண்டே நின்று பார்த்தான். அந்தத் தடவை உப்பு எழுத்தாகப் பூத்திருந்தது.

அவனுடைய பெயர், அவன் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பன்னிரண்டு இலக்க அடையாள எண், செல்போன் எண், போன வருஷம் ஆஸ்பத்திரி காப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்த மூல வியாதி, எல்லாம் அச்சடித்தாற்போல வரிசையாக இருந்தன. அடியில் அவனுடைய பெருவிரல் ரேகை, ஒரு சுளகு அகலத்துக்கு, சுழிக்குள் சுழியாக வெள்ளை வெளேரென்று விரிந்திருந்தது. எட்டு மணிக்குள் தெரு முழுக்க அங்கே நின்றது. என்ன அழகான எழுத்து என்றார்கள். மூலம் இருக்கிறவன் எப்படி லாரி ஓட்டுகிறான் என்று சிரித்தார்கள். தவசியும் சிரித்துவிட்டு, "எல்லாஞ் சரிதான், எங்கய்யா பேர்ல ஒரு காலை முழுங்கிருச்சே. சுடலைமாடனைச் சுடலைமடன்னு போட்டிருக்கு பாருங்க," என்றான்.

கூட்டத்தின் பின்னால் நின்ற ஜெபக்கனி அதைக் கேட்டதும் சுவரை மறுபடி படித்தாள். அந்தக் காலை முழுங்கியது அவள்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்த முதல் நாள், முதல் ஆளாக வந்த தவசிக்கு ரேஷன் கார்டு மனு அடிக்கும்போது கை தவறியது. திருத்த மனு மூன்று தடவை போட்டும் திருந்தவில்லை. அந்தப் பிழை உலகத்திலேயே அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்துதான் கிளம்பியிருக்க முடியும்.

ஜெபக்கனிக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். ஊரில் ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், சாதிச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம், ஆஸ்பத்திரி காப்பீடு எதுவானாலும் அவளிடம்தான் வரவேண்டும். அளத்தில் உப்பு வாரி வாரி விரல் தேய்ந்துபோனவர்கள் வருவார்கள். இயந்திரம் ரேகையை ஏற்காது. அவள் அவர்கள் கையைப் பிடித்து, விரல் நுனியில் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, இப்படி வையுங்க, இன்னும் அமுக்குங்க என்று சொல்லி ஏற்க வைப்பாள். அவள் தொட்டுப் பார்க்காத விரல் அந்த ஊரில் இல்லை. அதனால் சனங்கள் பாதிரியாரிடம் சொல்லாததையும் அவளிடம் சொன்னார்கள். சொல்லாவிட்டால் மனு நகராது.

சுவர் பூப்பதற்கு ஒன்பது நாள் முன்னால், கடையில் பதினாலு பேர் வரிசையில் நின்ற ஒரு மத்தியானம், அவளுக்கு ஒரு போன் வந்தது. "மேடம், ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க சென்டர் லாகின் இன்னிக்கு சாயந்திரத்தோட முடியுது. புதுப்பிக்கலைன்னா நாளைக்கு நீங்க ஒரு சர்டிபிகேட்கூடப் போட முடியாது." நல்ல குரல், அவசரமில்லாத குரல், அவளுடைய சென்டர் எண்ணையும் அவள் பெயரையும் சரியாகச் சொன்ன குரல். செல்லுக்கு வந்த எண்ணைக் கேட்டான், சொன்னாள். ஒரு பட்டனை அமுக்கச் சொன்னான், அமுக்கினாள். அதன்பிறகு திரையில் அம்பு தானாகவே ஊர்ந்து நாற்பது நிமிஷம் அங்கங்கே போய் வந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களிடம், கொஞ்சம் பொறுங்க, ரிப்பேர் நடக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாயந்திரம் என்னவோ உறுத்தி அந்த எண்ணைத் திருப்பி அழைத்தாள். அப்படி ஒரு எண் இல்லை என்றது. பாஸ்வேர்டை மாற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று எட்டு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை பதினோரு வீடுகள் பூத்தன. வியாழக்கிழமை பதினாலு. சனங்கள் முதலில் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்புக்கு மேலே பூத்தது. பெயிண்ட் அடித்தார்கள், பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து விழ, எழுத்து முன்னைவிடத் துலக்கமாக நின்றது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்தது, காய்ந்ததும் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் கிராம அலுவலரிடம் மனு கொடுத்தார். அலுவலர், மனுவை ஆன்லைனில் போட்டால்தான் செல்லும் என்று ஜெபக்கனியிடமே அனுப்பிவைத்தார். போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து பார்த்துவிட்டு, "களவு போயிருந்தா எழுதிக்கலாம். உங்க விவரம் உங்க சுவத்துலதானே இருக்கு," என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

பிறகு பழைய சேலைகளையும் தார்ப்பாயையும் பனம்பாயையும் கொண்டு சுவரை மூடினார்கள். ஊரே ஏதோ பெரிய துக்கத்துக்கு முக்காடு போட்டுக்கொண்டது போல ஒரு வாரம் இருந்தது. அப்புறம் காற்றில் சேலைகள் பறந்தன, பாய்கள் அறுந்தன, கட்டிக் கட்டி அலுத்துப்போனார்கள். அலுத்துப்போன பிறகு பழகிப்போனது. பழகிப்போன பிறகு படிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணத் தரகர்கள் பெண் வீட்டுக்குள் போகுமுன் சுவரைப் படித்தார்கள். அளத்து முதலாளியின் கணக்கப்பிள்ளை சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், நெஞ்சு வலி என்று பூத்திருந்த ஏழு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார். இருபது வருஷமாக அக்கா தங்கையாக இருந்த இரண்டு வீட்டுக்காரிகள், ஒருத்தி சுவரில் இருந்த சாதியை இன்னொருத்தி படித்த நாளிலிருந்து குழம்பு மாற்றிக்கொள்ளவில்லை. வெளியூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்து போட்டோ எடுத்தார்கள். டீக்கடை லூர்து கூடுதலாக இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டு, எந்தத் தெருவில் என்ன பூத்திருக்கிறது என்று வருகிறவர்களுக்குச் சிரித்த முகமாக வழி சொன்னான். எல்லா வீட்டுக்கும் போன்கள் வந்தன. அம்மா என்றும் ஐயா என்றும் கூப்பிட்டு, பேரன் பெயர்வரை சரியாகச் சொல்லும் நல்ல குரல்கள். பேசியவர்களில் பாதிப்பேர் அப்புறம் பணத்தைப் பறிகொடுத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று, சுவத்துல எழுதிருக்கும்போதே உஷாரா இருக்க வேண்டாமா என்று கேட்டார்கள்.

ஜெபக்கனி ஒன்றைக் கவனித்தாள். சுவர்கள் கண்டபடி பூக்கவில்லை. அவளுடைய கம்ப்யூட்டரில் யார் எந்த வரிசையில் வந்து பதிந்தார்களோ அந்த வரிசையில் பூத்தன. முதலில் தவசி, அப்புறம் மேலத்தெரு பென்ஷன்காரர்கள், அப்புறம் அந்த வருஷத்துப் பரீட்சைப் பிள்ளைகள். தன் பதிவு நோட்டை எடுத்து விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனவள் ஒரு பெயரில் நின்றாள். அன்றிலிருந்து கணக்குப் போட்டால் அது பூக்கப் பத்தொன்பது நாள் இருந்தது.

அந்தப் பெயருக்குரியவளை ஊர் செல்வி என்று அறியும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஐந்து வயது மகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, அளத்தோரம் கடைசி வீட்டை வாடகைக்குப் பிடித்து, உப்பு வாரும் வேலைக்குப் போனவள். அவள் பேச்சு கரூர்ப் பக்கத்துப் பேச்சு; அதையும் வாய்க்குள்ளேயே பேசுவாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் காகிதம் வேண்டுமென்று ஒருநாள் கடை பூட்டும் நேரமாகப் பார்த்து ஜெபக்கனியிடம் வந்தாள். மஞ்சள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அதில் அவள் பெயர் திலகவதி என்றிருந்தது. கணவன் பெயர் சென்னியப்பன் என்றிருந்தது. அவன் அவளை நூறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று ஒரு கோர்ட்டு உத்தரவும் இருந்தது. ஜெபக்கனி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாள்.

"இதெல்லாம் வெளிய போகாதுங்களா அக்கா?" என்று செல்வி கேட்டாள். கழுத்துப் பக்கம் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். அங்கே ஒரு பழைய வெட்டு இருந்தது.

"என் பெட்டிக்குள்ள வந்தது எங்கயும் போகாது," என்றாள் ஜெபக்கனி.

நோட்டில் அந்தப் பெயரைக் கண்ட அன்றே ஜெபக்கனி கம்ப்யூட்டரைத் திறந்து திலகவதியின் காகிதங்கள் அத்தனையையும் அழித்தாள். ஸ்கேன் செய்ததை அழித்தாள், நகலை அழித்தாள், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தாள். மறுநாள் பார்ப்போம் என்று காத்திருந்தாள். அதேபோல முன்பே அழித்து வைத்த வேறொரு வீட்டுக் காகிதம், அதன் நாள் வந்ததும், ஒரு புள்ளி குறையாமல் அந்த வீட்டுச் சுவரில் பூத்தது. போனது போனதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் அவள் செல்வியிடம் போகவில்லை. சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லுவோம் என்று பதினெட்டு நாள் தள்ளினாள். அந்தப் பதினெட்டு நாளும் கடையில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவி விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊரார், பாவம், நம்மளவிட இந்தப் பிள்ளைதான் இளைச்சுப்போச்சு என்றார்கள்.

கடைசி நாள் காலையில் கடையைப் பூட்டிவிட்டு அளத்துக்கு நடந்தாள். செல்வி பாத்தியில் இறங்கி நின்று உப்பை வாரிக்கொண்டிருந்தாள். வெள்ளை வெயில். வரப்பில் நின்றபடியே ஜெபக்கனி சொன்னாள். போன் வந்ததைச் சொன்னாள், அம்பு தானாக ஊர்ந்ததைச் சொன்னாள், வரிசையைச் சொன்னாள், நாளைக்கு உன் சுவர் என்று சொன்னாள்.

செல்வி வாருபலகையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த போன் வந்து எத்தன நாளாச்சுங்க அக்கா?"

"முப்பத்தி நாலு நாளு."

"முப்பத்தி நாலு நாளுங்களா," என்றாள் செல்வி. கோபமில்லாமல், ஒரு தொலைவை அளந்து பார்ப்பது போலச் சொன்னாள். பிறகு வரப்பில் ஏறி, காலைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு நடந்தாள்.

பதினொரு மணிக்குள் அவள் மூட்டை கட்டிவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து மகள் இலக்கியாவை அழைத்துக்கொண்டு வந்தாள். ஜெபக்கனி வாசலில் நின்று அவளிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. தவசி போன வாரம் தூத்துக்குடியில் ஒரு கடையில் புது செல் எண் வாங்கினான். மறுநாளே அந்தப் புது எண் உவர்க்குடியில் அவன் வீட்டுச் சுவரில் ஒரு வரியாகச் சேர்ந்துகொண்டது. ஒரு தடவை பூத்த சுவர், ஆள் எங்கே போனாலும் அறிந்தது. "போற இடத்துல எங்கயும் பேரைக் குடுக்காத. விரலை வைக்காத. யார் என்ன காகிதம் கேட்டாலும் குடுக்காத," என்றாள்.

"புள்ளையப் பள்ளிக்கோடத்துல சேக்கோணுமுங்களே அக்கா."

ஜெபக்கனி மூட்டையை எடுத்து அவள் தலையில் ஏற்றிவிட்டாள். செல்வி மகள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகாமல் அளத்து வரப்புகள் வழியே வடக்கே நடந்தாள். எங்கே என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

மறுநாள் அளத்தோரக் கடைசி வீடு பூத்தது. திலகவதி என்று பெரிதாகப் பூத்தது. அவள் விட்டு வந்த ஊர் பூத்தது, சென்னியப்பன் பெயர் பூத்தது, கோர்ட்டு உத்தரவு வரிக்கு வரி பூத்தது. நம்ம செல்வியா இது என்று சனங்கள் கூடிப் படித்தார்கள். வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். அது கையிலிருந்து கைக்குப் போய், பதினோராம் நாள் ஒருவன் மத்தியான பஸ்ஸிலிருந்து இறங்கினான். நாற்பது வயதிருக்கும், வெளுத்த சட்டை, கையில் பழப்பை. லூர்துவிடம் செல்லில் ஒரு சுவரின் படத்தைக் காட்டி, "ஏனுங்க, இந்த ஊடு எங்கீங்க?" என்று கேட்டான். லூர்து எல்லாருக்கும் சொல்வது போலவே, நேரே போங்க, அளத்தோரம் கடைசி வீடு என்றான்.

வீடு பூட்டியிருந்தது. சென்னியப்பன் சுவருக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து நிதானமாகப் படித்தான். பிறகு வீட்டுக்காரரிடம் போய், நான் அவ புருஷனுங்க, அவ வர்ற வரைக்கும் இருக்கறேன் என்று சொல்லி அதே வீட்டை வாடகைக்குக் கேட்டான். அவர் கொடுத்தார். உப்பு மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனான். யாரிடமும் சத்தமாகப் பேசவில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேலை செய்தான், வயசானவர்களுக்குத் தண்ணீர்க்குடம் தூக்கினான். இம்புட்டுத் தங்கமான மனுசனை விட்டுட்டு ஓடிட்டாளே என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கோர்ட்டு உத்தரவு அதே சுவரில் இருந்தது. அதைப் படித்தவர்களே இதையும் பேசினார்கள். ஊர் சுவர்களை ஏற்றுக்கொண்டது போல அவனையும் ஏற்றுக்கொண்டது.

ஜெபக்கனி தினமும் விடிகிற நேரத்தில் கொத்துக்கரண்டியோடு அந்தச் சுவருக்குப் போனாள். புதிதாக ஏதாவது வரி சேர்ந்திருந்தால் அவன் எழுந்து வருமுன் சுரண்டிவிட வேண்டும். ஆவணி முழுக்கப் போனாள். புதிதாக ஒன்றும் சேரவில்லை; போனதற்குப் பழைய வரிகளையாவது சுரண்டிவிட்டு வந்தாள். அந்தப் பெண் எங்கேயோ பெயரில்லாமல், விரலில்லாமல், ரேஷனில்லாமல், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் இருந்துகொண்டிருக்கிறாள் என்பதற்கு அந்த வெற்றிடம்தான் சாட்சி. ஒருநாள் அவன் காலையிலேயே எழுந்து டீத்தம்ளரோடு வாசலில் நின்று அவள் சுரண்டுவதைப் பார்த்தான்.

"எதுக்குங்க சிரமப்படறீங்க," என்றான். "நீங்க அழிச்சாலும் காஞ்சதும் வந்துருமுங்க. எனக்கொண்ணும் அவசரமில்லைங்க."

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் ஏற்கெனவே சுவர் முன்னால் நின்றிருந்தான். புது வரி பூத்திருந்தது. இலக்கியா, வயது ஒன்பது, டெங்குக் காய்ச்சல், வடக்கே ஒரு ஊரின் பெயர், அரசு ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு, கட்டில் எண் பதினேழு. உடன் இருப்பவர்: தாய், திலகவதி. பிள்ளைக்கு உயிர் போகிற காய்ச்சல் வந்தால் எந்தத் தாய் பெயரைக் கொடுக்காமல் இருப்பாள்? விரலையும் வைத்திருந்தாள். ரேகை ஈரமாக மின்னியது.

அவன் உள்ளே போய் முகம் கழுவி, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டான்.

ஜெபக்கனி ஓடினாள். ஓடிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போட்டாள். எடுத்தவர் பொறுமையாகவே கேட்டார். "காய்ச்சல்ல கெடக்கிற பிள்ளையை அப்பன் பாக்கப் போறான். இதுல என்னம்மா புகார்?"

"கிட்டப் போகக் கூடாதுன்னு கோர்ட்டு ஆர்டர் இருக்கு சார்."

"காகிதம் இருக்கா?"

இருந்தது. அவள் பெட்டியில்தான் இருந்தது, அவள்தான் தன் கையாலேயே அழித்திருந்தாள். "சுவத்துல இருக்கு சார்," என்றாள்.

"சுவத்துல இருக்கிறது சாட்சியாகாதும்மா. அந்தப் பொண்ணை ஒரு நடை வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

காலை முதல் பஸ்ஸுக்கு டீக்கடை முன்னால் இருபது முப்பது பேர் நின்றார்கள். சென்னியப்பன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். ஜெபக்கனி மூச்சு வாங்க வந்து, அவனை இறக்குங்க, அவன் கொல்லப் போறான் என்றாள். சனங்கள் அவளைப் பார்த்தார்கள். "ஒனக்கெப்படித் தெரியும்?" என்றான் லூர்து. "புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம். நமக்கெதுக்கு?"

"எனக்குத் தெரியும். அவ பேரு வெளிய போனதே என்னாலதான். ஒங்க எல்லார் பேரும் போனது என்னாலதான். போன்ல கேட்டான், நான் நம்பரைச் சொன்னேன். எல்லாத்தையும் நான்தான் எடுத்துக் குடுத்தேன். நாலு மாசமாத் தெரியும். சொல்லல. இந்த ஒண்ணை மட்டும் நிறுத்துங்க."

அதைச் சொன்னால் அவர்கள் அசைவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அசைந்தார்கள். ஆனால் பஸ்ஸின் பக்கம் அசையவில்லை, அவள் பக்கம் அசைந்தார்கள். வேலை போனவர்கள் வந்தார்கள், கல்யாணம் முறிந்தவர்கள் வந்தார்கள், தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் வந்தார்கள். கண்டக்டர் விசில் அடித்தார். அவள் பஸ்ஸைப் பார்த்து ஓடினாள். யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள், யாரோ சேலையைப் பிடித்தார்கள். "எங்க போற? பதில் சொல்லிட்டுப் போ," என்றார்கள். பஸ் போய்விட்டது. அவர்கள் அவளைப் பஞ்சாயத்து அலுவலகத்து முன்னால் உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கேட்க நியாயம் இருந்தது; யாரும் பொய்யாகக் கேட்கவில்லை. சாயந்திரம் நாலு மணிக்குத் தவசி லோடு இறக்கிவிட்டு வந்து, கூட்டத்தை விலக்கி, "கேட்டது போதும்வே, அவளை விடுங்க," என்றான். வடக்கே போகிற கடைசி பஸ் மூன்று மணிக்கே போயிருந்தது.

"ஏறு," என்றான் தவசி. வெற்று லாரியில் ஏறிப் போனார்கள். பாலத்து வேலை நடந்ததால் சுற்றிப் போனார்கள். அவர்கள் ஆஸ்பத்திரி வாசலை அடையும்போது அங்கே போலீஸ் ஜீப் நின்றது, வராந்தாவைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். காவலாளிகள் அவனைப் பிடித்து வைத்திருந்தார்களாம். அவன் ஓடப் பார்க்கவில்லையாம். பிள்ளையைப் பார்க்க முடியுமா என்று ஜெபக்கனி கேட்டாள். நீங்க என்ன உறவு, காகிதம் இருக்கா என்றார்கள்.

உவர்க்குடிக்குச் செய்தி இவர்களுக்கு முன்பே போய்விட்டது. திலகவதி, வயது முப்பத்தொன்று, கத்திக்காயம், இறப்பு மாலை ஆறு நாற்பது என்று மறுநாள் விடியலில் கடைசி வீட்டுச் சுவரில் பூத்திருந்தது. ஊர் வந்து நின்று படித்தது. ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை. இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும் என்று லூர்து சொன்னான். சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போனான்.

ஜெபக்கனி கடையைத் திறக்கவில்லை. இரண்டு நாள் வீட்டுக்குள் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் கதவைத் தட்டினார்கள். அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திறந்தாள். வாசலில் இருபத்தாறு பேர் வரிசையில் நின்றார்கள், தோளைப் பிடித்தவர்களும் சேலையைப் பிடித்தவர்களும்தான். பென்ஷனுக்கு உயிரோடு இருப்பதாக விரல் வைக்கிற கடைசித் தேதி அன்று. பக்கத்தில் வேறு சென்டர் கிடையாது. முன்னால் நின்ற கிழவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வலது கைப் பெருவிரலை மட்டும் நீட்டினார். அவள் கடையைத் திறந்து, தேங்காயெண்ணெயை எடுத்து, அந்த விரலைத் துடைத்தாள். இருபத்தாறு பேரும் வைத்தார்கள். மறுநாள் இருபத்தாறு சுவர்களிலும், உயிரோடு இருக்கிறார் என்ற வரி சேர்ந்தது.

கார்த்திகையில் கடைசி வீட்டுச் சுவரில் இன்னும் ஒரு வரி வந்தது. இலக்கியா, குழந்தைகள் இல்லம், ஊர்ப் பெயர், உறவினர்: எவருமில்லை. ஜெபக்கனி அன்றைக்கே புறப்பட்டுப் போனாள். இல்லத்துக் காப்பாளர் அம்மாள் பெரிய நோட்டை அவள் பக்கம் திருப்பினார். பெயர், வயது, விலாசம், செல் எண், என்ன உறவு, கடைசியில் பெருவிரல். இதில் எழுதுவது எங்கே போய்ச் சேரும் என்று ஜெபக்கனியை விட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. உறவு என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றாள். பிறகு அத்தை என்று எழுதி, எல்லாவற்றையும் பிழையில்லாமல் நிரப்பி, விரலை அமுக்கி வைத்தாள்.

இலக்கியா வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். காய்ச்சலில் முடி கொட்டியிருந்தது. ஜெபக்கனி கொண்டுபோன முறுக்கைத் தொடவில்லை. "எங்க வீட்டுச் சுவத்துல அம்மா பேரு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"செல்வின்னா?"

"இல்ல. திலகவதின்னு."

பிள்ளை வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அந்தப் பேரை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கு."

"இப்பச் சொல்லலாம்."

"திலகவதி," என்றாள் இலக்கியா, மெதுவாக, வாயில் வைத்துப் பார்ப்பது போல. பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு ஜெபக்கனியின் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் எல்லாம் சுண்ணாம்பும் உப்பும் ஏறி வெடித்திருந்த கைகள்.

"அதைச் சுரண்டாதீங்க அத்தை," என்றாள்.

ஜெபக்கனி மாட்டேன் என்றாள்.